மேப்பின் ஆண்டு வேறு, ஊரின் ஆண்டு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமின் பழைய மேப் ஒன்றை அரைப்பக்கத்துக்குப் போட்டு, பக்கத்திலேயே அங்கு நெடுநாள் குடியிருப்பவர்களின் நினைவுகளையும் வெளியிட்டிருந்தீர்கள். லண்டன் தமிழர்கள் தாங்கள் தினமும் நடக்கிற தெருவின் பழைய உருவத்தைத் தேடத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் மேப்பின் அடியில் "1898இல் ஈஸ்ட் ஹாம்" என்று போட்டிருக்கிறீர்களே, அங்கேதான் சறுக்கல். 1898 அது அச்சான ஆண்டு. நில அளவர் தெருவில் நடந்து திருத்தியது அதற்குச் சில ஆண்டுகள் முன்னால். இரண்டு ஆண்டும் அதே தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஓரத்தை வெட்டிவிட்டால் மேப்பின் ஜாதகமே போய்விடும்.

மூன்று நான்கு ஆண்டு வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். டார்செட் பக்கத்துக் கிராமம் என்றால் பெரிதில்லை. ஈஸ்ட் ஹாமுக்குப் பெரிதுதான். 1891க்கும் 1901க்கும் இடையில் அந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று மடங்காகி 96,000ஐத் தொட்டது. உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைந்த நிலங்களில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்த காலம் அது. ஒரு தெரு மேப்பில் இல்லை, ஆனால் அந்த வீட்டு முகப்பில் 1896 என்று செதுக்கியிருக்கிறது என்றால் மேப்பும் பொய்யில்லை, கல்லும் பொய்யில்லை. அளவர் வந்துபோன பிறகு கொத்தனார் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எனவே பழைய மேப்பைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது ஓரத்து வரிகளை. அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என மூன்று வரை இருக்கலாம். இன்னொரு பொறியும் உண்டு. ஊர் முழுவதையும் திருத்தாமல் புது ரயில் பாதையை மட்டும் சேர்த்து மறுபடி அச்சிடுவார்கள். அப்படிப்பட்ட தாளில் ரயில் பாதை ஒரு காலத்தையும் அதைச் சுற்றிய வீடுகள் வேறு காலத்தையும் காட்டும்.

அடுத்தது மாவட்டம், அதாவது அவர்கள் சொல்லும் கவுண்டி. லண்டன் தமிழர்கள் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஈஸ்ட் ஹாமும் இல்ஃபோர்டும் வால்தம்ஸ்டோவும் 1965 ஏப்ரல் 1 வரை எஸ்ஸெக்ஸ் கவுண்டியைச் சேர்ந்தவை. வெம்பிளியும் ஹாரோவும் மிடில்செக்ஸ். மிட்சம் (Mitcham), கிராய்டன் இரண்டும் சர்ரே. டூட்டிங்கும் முதலில் சர்ரேதான், 1889இல் லண்டன் கவுண்டிக்குப் போனது. தேம்ஸுக்கு வடகரையில் இருக்கும் நார்த் வுல்விச், தென்கரையைச் சேர்ந்த கென்ட்டின் துண்டாகவே நெடுங்காலம் இருந்தது. "லண்டன் பழைய மேப்" என்று தேடினால் இவற்றில் பாதி கிடைக்காது. பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட வட்டாரம், அதன் பெயரும் இப்படித்தான் ஏமாற்றும். முருகன் கோயில் இருக்கும் மேனர் பார்க் பகுதியை லிட்டில் இல்ஃபோர்ட் என்ற பாரிஷில் தேட வேண்டும். வெம்பிளிக்கு ஹாரோ ஆன் த ஹில் பாரிஷ். டூட்டிங் பெக் பக்கம் என்றால் ஸ்ட்ரெத்தம் பாரிஷ். பட்டா எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது என்று தெரியாமல் தாலுகா ஆபீசில் நின்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

மேப் வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிரிட்டிஷ் அரசின் மேப் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே 1791இல் தொடங்கியது. முதலில் அச்சிட்ட மேப் 1801இல் வந்த கென்ட். அது ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவு. அதில் ஊர் தெரியும், வீடு தெரியாது. வீட்டைத் தேடுபவர்களுக்கு உதவுவது மைலுக்கு 25 அங்குல மேப், அதாவது 2500இல் ஒன்று என்ற அளவு. 1850களில் டர்ஹாம் கவுண்டியில் தொடங்கி 1890களில் நாட்டின் பயிர் நிலம் முழுவதையும் முடித்தார்கள். மேப்பில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 25 மீட்டர், ஒரு சதுர அங்குலம் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். மலைக்காடுகளுக்கு இந்த மேப் கிடையாது, மைலுக்கு ஆறங்குல மேப்போடு சரி. லங்காஷயரும் யார்க்‌ஷயரும் 1840களிலும் 1850களின் தொடக்கத்திலுமே ஆறங்குலத்தில் அளந்து முடிந்துவிட்டதால் அங்கே 25 அங்குல மேப் வர 1890 வாக்கில் ஆயிற்று. அந்தக் கவுண்டிகளில் 1860ஐச் சேர்ந்த 25 அங்குலத் தாளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெரிய ஊர்களுக்கு இன்னும் நுணுக்கமான டவுன் பிளான் உண்டு. மக்கள்தொகை 4,000ஐத் தாண்டிய ஊர்களை 500இல் ஒன்று என்ற அளவில் 1890களின் நடுப்பகுதி வரை வரைந்தார்கள். அதில் விளக்குக் கம்பமும் தண்ணீர்ப் பம்பும் தெரியும். தேவாலயத்துக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்று எண் போட்டிருக்கும். செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார்கள். இந்தத் துறையில் நடந்த பெரிய நஷ்டங்களில் ஒன்று அது.

தாளின் எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை இது. ஆறங்குலத்தின் முழுத்தாள் கிழக்கு மேற்காக 6 மைல், வடக்கு தெற்காக 4 மைல். அதற்குக் கவுண்டிவாரியாக ரோமன் எண். அதையே பதினாறு கட்டமாகப் பிரித்து, வடமேற்கு மூலையில் 1இல் தொடங்கி வரிசையாக எண்ணி வந்தால் 25 அங்குலத் தாள்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மைலுக்கு ஒரு மைல். நம் ஊர் பெரும்பாலும் தாளின் நடுவில் இருக்காது, நான்கு தாள் சந்திக்கும் மூலையில்தான் வந்து உட்காரும். நான்கையும் ஒட்டும்போது நான்கும் ஒரே ஆண்டில் அளந்ததா என்று பாருங்கள். கவுண்டி எல்லையைத் தாண்டி ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு கவுண்டியும், அல்லது கவுண்டிக் கூட்டமும், தனக்கென ஒரு மையக்கோட்டை வைத்துக்கொண்டு வரையப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே கட்டவலை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது.

முதல் பதிப்பில் இன்னொரு பழக்கம் இருந்தது. பாரிஷ் பாரிஷாக அளந்ததால் எல்லைக்கு அந்தப்புறம் வெறும் வெள்ளைத்தாள். அதைப் பார்த்து "அப்போது அங்கே ஒன்றுமே இல்லை, வெட்டவெளி" என்று எழுதியவர்கள் உண்டு. வெளி எல்லாம் இல்லை. பக்கத்துப் பாரிஷ் தாளில் போய்ப் பாருங்கள், ஊரே இருக்கும்.

மரங்களும் இப்படித்தான். முதல் பதிப்பில் வேலியோர மரம் ஒவ்வொன்றையும் குறித்தார்கள். 1890களின் திருத்தப் பதிப்பில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இடைப்பட்ட காலத்தில் ஊரே மரத்தை வெட்டிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். வெட்டியது கோடரி இல்லை, ஆபீஸ் சுற்றறிக்கை. மாறாக, பழத்தோட்டக் குறியும் கண்ணாடிப் பந்தல்களின் கட்டக் கோடும் தொடர்ந்து வந்தவை. அவை மறைந்தால் நிஜமாகவே மறைந்தன என்று கொள்ளலாம்.

உங்கள் இணைப்பில் ஒரு வாசகர் "பி" (P) என்ற எழுத்தைத் தபால் நிலையம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். தனி "பி" தண்ணீர்ப் பம்ப். "டபிள்யூ" கிணறு. "பி.எச்." (P.H.) என்றால் மதுக்கடை, "எல்.பி." (L.B.) தபால் பெட்டி, "எஸ்.பி." (S.P.) ரயில் பாதை ஓரத்தில் வந்தால் சிக்னல் கம்பம். "எஃப்.பி." (F.P.) ஒற்றையடிப் பாதை, ஆனால் அது பொது வழி என்பதற்கு ஆதாரமில்லை என்று 1880களின் இறுதியிலிருந்து தாளிலேயே அச்சிட ஆரம்பித்துவிட்டார்கள். வழக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். பாரிஷ் எல்லைப் புள்ளிக்கோட்டை ஒட்டி "4 அடி ஆர்.எச்." என்று இருந்தால், எல்லை வேலிச்செடியின் வேரிலிருந்து நான்கடி தள்ளிப் போகிறது என்று அர்த்தம். "சி.எஸ்." ஓடையின் நடு. "பி.எம்." (B.M.) என்று எழுதிப் பக்கத்தில் எண் போட்டிருந்தால் அது மட்டக்குறி. தேவாலயச் சுவரிலோ பாலத்திலோ கிடைக்கோடு ஒன்று செதுக்கி, அதன் கீழே அம்பு முனை மேல்நோக்கிப் பார்க்கும். பல இடங்களில் இன்றும் இருக்கிறது, தேடிப்போய்த் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த உயர எண்ணை இன்றைய எண்ணோடு கழித்துப் பார்த்து "ஊர் தாழ்ந்துவிட்டது" என்று சொல்லக்கூடாது. பழைய உயரங்கள் லிவர்பூல் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டவை, இப்போதையவை கார்ன்வாலின் நியூலின் துறைமுகத்திலிருந்து.

ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 1860களில் அளந்த எஸ்ஸெக்ஸ் தாளில் ஈஸ்ட் ஹாமின் தென்பகுதி சதுப்பு நிலம், குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள். பழைய செயின்ட் மேரி மேக்டலீன் தேவாலயம் மேட்டு நிலம் முடிகிற இடத்தில் நிற்கிறது. பேசல்ஜெட் கட்டிய வடக்குக் கழிவுநீர்க் குழாயின் கரை கிழக்கே போகிறது, இன்றைக்கு அதன்மேல்தான் கிரீன்வே என்று நடைபாதை. 1890களின் தாளை எடுத்தால் அதே சதுப்பில் 1880இல் திறந்த ராயல் ஆல்பர்ட் கப்பல்துறை. கிழக்கே 1870இல் தொடங்கிய கேஸ் ஆலை. கம்பெனித் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக்கின் பெயரை வைத்து பெக்டன் என்று ஓர் ஊர்ப்பெயரே புதிதாக முளைத்திருக்கிறது. இப்போதைய மேப்பில் அந்தத் துறைக்குத் தெற்கே விமான ஓடுபாதை, 1987இலிருந்து. பெக்டனின் சுற்றுவட்டாரத்தில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் தோட்டம் வெட்டும் முன் இந்த மூன்று தாளையும் வரிசையாகப் பார்ப்பது நினைவுக்காக மட்டுமல்ல, மண்ணுக்காகவும் நல்லது.

1860க்கும் முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமானால் தசமபாக மேப். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தானியமாகவே கொடுத்து வந்ததை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக இங்கிலாந்து, வேல்ஸில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலத்தை 1850களின் தொடக்கம் வரை அளந்தார்கள். மேப்பில் வெறும் எண்கள்தான் இருக்கும். உயிர் இருப்பது கூடவே வரும் பட்டியலில். நிலச் சொந்தக்காரர், அனுபவிப்பவர், மேப் எண், நிலத்தின் பெயர், பயிர், பரப்பு, கட்ட வேண்டிய தொகை. நம் அடங்கலைப் படித்துப் பழகியவர்களுக்கு இதைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். மேப்பை மட்டும் படமெடுத்துக்கொண்டு பட்டியலை விட்டு வருபவர்கள் மறுபடி போய்த்தான் ஆக வேண்டும்.

பரப்பு எழுதியிருக்கும் விதம்தான் பலரைக் குழப்புகிறது. மூன்று பத்தியில் 2, 1, 16 என்று இருந்தால் அது 2.116 ஏக்கர் இல்லை. 2 ஏக்கர், 1 ரூட், 16 பேர்ச். ஏக்கருக்கு 4 ரூட், ரூட்டுக்கு 40 பேர்ச். ஆக 2.35 ஏக்கர். இலங்கைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பில் இன்றும் காணி விளம்பரம் பேர்ச்சில்தான் வருகிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால் சென்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்ற கணக்கு இரு நாட்டு நில ஆவணங்களுக்கும் பொது.

தசமபாக எண்ணை ஆர்ட்னன்ஸ் சர்வே எண்ணோடு இணைக்க ஒரே வழி உருவமும் பரப்பும்தான். எண்களுக்குள் எந்தத் தொடர்பும் கிடையாது. 2.35 ஏக்கர் நிலம் 25 அங்குல மேப்பில் 2.346 என்று வந்து, வேலியின் வளைவும் ஒத்துப்போனால் அதுவேதான். பரப்பு இரண்டு பங்காகத் தெரிந்தால் நடுவேலியை எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். வாய்க்காலுக்கு இருபுறமும் உள்ள துண்டுகளை நீண்டு வளைந்த எஸ் போன்ற குறியால் சேர்த்து ஒரே எண் கொடுத்திருப்பார்கள். அதைக் கவனிக்காவிட்டால் கணக்கு உதைக்கும். நிலத்தின் பெயர் தசமபாகப் பட்டியலில் மட்டுமே வரும், ஆர்ட்னன்ஸ் சர்வே அதைப் போடுவதில்லை. இன்றைக்குப் பல தெருப்பெயர்கள் அந்த நிலப்பெயர்களின் மிச்சம் என்பதால் இந்த வேலைக்குப் பலன் உண்டு. தசமபாக ஆவணத்தின் ஒரு பிரதி லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மறைமாவட்டப் பிரதி வழக்கமாக அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்துக்கு வந்திருக்கும்.

மேப் அரசாங்கத்துடையது, நினைவு மக்களுடையது என்று உங்கள் கட்டுரை பிரித்துப் பேசியது. முழுக்க அப்படியில்லை. அளவர்கள் ஊர்ப்பெயர்களை மேப்பில் ஏற்றும் முன் பெயர்ப் பதிவேடு ஒன்றை எழுதினார்கள். ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் அதை எழுதும் பல விதங்கள், அடுத்ததில் அந்த எழுத்துக்கு யார் சாட்சி, பிறகு இடக்குறிப்பும் விவரமும். அதாவது மேப்பில் உள்ள ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவர் வாயால் சொன்ன நினைவு. ஆனால் யாருடைய வாய்? நிலச்சுவான்தார், பாதிரியார், பள்ளி ஆசிரியர். வயலில் நின்றவர் சொன்னதைவிடப் பங்களாவில் இருந்தவர் சொன்னது ஏறியது. ஸ்காட்லாந்தின் கேலிக் பெயர்களும் வேல்ஸின் ஊர்ப்பெயர்களும் மேப்பில் உருக்குலைந்து கிடப்பதற்கு இது ஒரு காரணம். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கிய காதுகள்தானே. ஸ்காட்லாந்துப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கவும் கிடைக்கின்றன. இங்கிலாந்தினுடையவற்றில் பெரும்பகுதி 1940இல் சவுத்தாம்டன் அலுவலகத்தின் மேல் விழுந்த குண்டில் எரிந்துபோயிற்று. வடக்கே சில கவுண்டிகளுடையவை போன்ற சிலவே தப்பின.

இனி நினைவுகளைச் சேகரிக்கும் முறைக்கு வருவோம். இதில்தான் நல்ல எண்ணத்தோடு அதிகக் கெடுதல் நடக்கிறது.

பெரியவர் உட்கார்ந்ததும் மேப்பை விரித்து வைக்காதீர்கள். மேப்பில் இருக்கும் பெயர்களைப் பார்த்ததும் தன் வாயில் இருந்த பெயரை அவர் விட்டுவிடுவார். முதலில் வெள்ளைத்தாளும் பென்சிலும். "வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எப்படி நடந்து போவீர்கள்? இடக்கைப் பக்கம் என்ன வரும்?" என்று நடையாகவே கேளுங்கள். கோணல்மாணலாக வரைந்தாலும் அந்தத் தாள்தான் உங்கள் முதல் ஆவணம். அதில் தேதி போட்டு வைத்துவிட்டு, பிறகு மேப்பை எடுங்கள்.

அப்போது எடுக்க வேண்டியதும் 1890களின் அழகான மேப் இல்லை. பழைய கவுண்டி மேப்புகளில் வீட்டு எண்ணே கிடையாது. போருக்குப் பின் வந்த 1250இல் ஒன்று என்ற தாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண் உண்டு. ஒரு தாள் 500 மீட்டர் சதுரம், 40 சென்டிமீட்டர் பக்கம். ஏ3 தாளில் முழுசாக அடங்காது, வெட்டித்தான் அச்சிட வேண்டும். கண் மங்கியவர்களுக்கு இரட்டிப்பாக்குங்கள். ஆனால் பெரிதாக்கிய மறுகணமே "1250இல் ஒன்று" என்ற எழுத்து பொய்யாகிவிடும். மேப்போடு சேர்ந்து பெரிதாகும் அளவுக்கோட்டையும் பிரதியில் விடாமல் சேருங்கள், அது பொய் சொல்லாது. மேப்பின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து நான்கு மூலையிலும் கூட்டல் குறி போட்டுக்கொண்டு, ஒருவருக்கு ஒரு தாள் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு ஒரே தாளைக் கொடுத்தால் இரண்டாமவர் முதலாமவரைத் திருத்த ஆரம்பிப்பார், அல்லது ஒத்துப்போய்விடுவார். இரண்டுமே நமக்கு நஷ்டம். கடையின் பெயரை மேப்பில் எழுதாமல் எண் போட்டு, ஒலிப்பதிவில் எத்தனையாவது நிமிடம் என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் தவறாக வரும். 1971 பிப்ரவரி 15இல் புதுக்காசு வந்ததே, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1987 அக்டோபர் புயலுக்கு முன்னா பின்னா? இந்த மாதிரி இரண்டு கேள்வியில் ஆண்டு நெருங்கி வந்துவிடும். ஈஸ்ட் ஹாமில் டிராமில் போனேன் என்று 1950களைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, வேறு ஊரைச் சேர்த்துக்கொள்கிறார். கிழக்கு லண்டனில் டிராம் 1940லேயே நின்றுவிட்டது, பெரும்பாலும் தேம்ஸுக்குத் தெற்கேதான் 1952 வரை ஓடியது. நினைவில் வரும் பிழைகளுக்கு ஒரு மாதிரி உண்டு. தெருவின் எதிர்ப்பக்கத்தைச் சொல்வார்கள். பத்து ஆண்டு இடைவெளியில் இருந்த இரண்டு கடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். முந்தைய முதலாளியின் பெயரிலேயே கடையைச் சொல்வார்கள். இந்த மூன்றையும் டைரக்டரியில் சரிபார்க்கலாம். கெல்லி டைரக்டரியில் தெருவின் ஒவ்வொரு பக்கத்தையும் எண்வரிசையில் போட்டு, குறுக்குத் தெரு வரும் இடத்தில் "இங்கே இன்ன தெரு" என்று வரி விட்டிருப்பார்கள். எண் மாறியிருந்தாலும் அந்த வரியிலிருந்து எத்தனையாவது கடை என்று எண்ணி இடத்தைப் பிடித்துவிடலாம்.

1980களில் வந்த நம்மவர்களின் தடத்துக்கு வாக்காளர் பட்டியல் உதவும். காமன்வெல்த் குடிகள் என்பதால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் பிரிட்டிஷ் குடியுரிமை பெறும் முன்பே பட்டியலில் ஏற முடிந்தது. அந்தக் காலப் பட்டியல் அக்டோபர் 10ஆம் தேதி யார் எங்கே இருந்தார்களோ அதை வைத்து மறு பிப்ரவரியில் வந்தது. ஆகவே அட்டையில் உள்ள ஆண்டிலிருந்து ஒன்றைக் கழித்தே படிக்க வேண்டும். இங்கேயும் மேப் கதைதான்.

குண்டு விழுந்த இடத்தைத் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கறுப்பு, ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று வண்ணம் தீட்டிய புகழ்பெற்ற குண்டுச் சேத மேப்புகள் அன்றைய லண்டன் கவுண்டிக்கு மட்டுமே. ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் அதற்கு வெளியே. இந்த வட்டாரம் அந்த மேப்பில் நிறமில்லாமல் இருப்பதைப் பார்த்துத் தப்பித்துக்கொண்டது என்று நினைத்தால், அடிபட்ட கப்பல்துறைத் தெருக்களுக்குச் செய்யும் அநியாயம். போர்க்கால வீடுகளில் யார் இருந்தார்கள் என்பதற்கு 1939 செப்டம்பர் 29ஆம் தேதிப் பதிவேடுதான் கதி. 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் போனது, 1941இல் எடுக்கவே இல்லை.

பழைய மேப்பையும் புதியதையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம் போதும். இங்கிலாந்து, வேல்ஸ் மேப்புகளும் அதில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. நீங்களாகவே கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் பொருத்துவதானால், தேவாலயக் கோபுரத்தின் மூலை, ரயில் பாலம் போல இடம் மாறாதவற்றை ஆறு புள்ளிகளாவது எடுங்கள். தாளின் நான்கு மூலைக்கும் அவை பரவியிருக்க வேண்டும். சாலையோரத்தை எடுக்காதீர்கள், சாலை அகன்றிருக்கும். மதுக்கடை மூலையும் வேண்டாம், பல இடித்துக் கட்டியவை. எளிய நேர்கோட்டு மாற்றமே போதும். வளைத்துப் பொருத்தும் முறையைக் குறைந்த புள்ளிகளோடு போட்டால் புள்ளிகள் அழகாக ஒட்டும், நடுவில் தெரு நெளியும். சில மீட்டர் பிசகு இருக்கத்தான் செய்யும். காகிதம் சுருங்கியிருக்கிறது, அதுவும் நீளவாக்கில் ஒரு மாதிரி, அகலவாக்கில் ஒரு மாதிரி. "எங்கள் தோட்டச் சுவர் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கிறது" என்று பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போக இது ஆதாரமாகாது.

வீட்டில் கிடைத்த பழைய தாளைப் படமெடுப்பவர்கள் மடிப்பைத் தேய்க்கவோ, செலோடேப் ஒட்டவோ, லேமினேட் செய்யவோ வேண்டாம். நேர் மேலிருந்து, இருபக்கமும் சாய்வான வெளிச்சத்தில், ஓர் அடிக்கோலையும் சட்டத்துக்குள் வைத்து எடுத்தால் போதும். அச்சிட்ட ஆண்டு முடிந்து 50 ஆண்டு ஆகும் வரை ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்புக்கு அரசின் பதிப்புரிமை உண்டு. 1980களின் மேப்பை உங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு சங்கதி. இந்த நாட்டை அளக்கத் தொடங்கிய முதல் அடிக்கோட்டை (தரையில் துல்லியமாக அளந்த ஆதாரக் கோடு) ஜெனரல் வில்லியம் ராய் 1784இல் ஹவுன்ஸ்லோ ஹீத்தில் போட்டார். அதன் ஒரு முனையில் நட்ட பீரங்கி ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு ஓரத்தில் இன்றும் செங்குத்தாக நிற்கிறது. அதே முறையை எடுத்துக்கொண்டு லாம்ப்டன் 1802இல் இந்தியப் பெரும் அளவையின் அடிக்கோட்டைத் தொடங்கியது பரங்கிமலையில். அங்கிருந்து மீனம்பாக்கம் கூப்பிடு தூரம். சென்னையில் விமானம் ஏறி ஹீத்ரோவில் இறங்குபவர்கள் ஓர் அடிக்கோட்டின் பக்கத்தில் ஏறி இன்னொன்றின் முனையில் இறங்குகிறார்கள்.

கடைசியாக, அடுத்த பகுதியை வெளியிடும் முன் ஒரு திருத்தம். உங்கள் கட்டுரையில் மூன்று பேர் "ஹை ஸ்ட்ரீட்" கடைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நார்த் ஒன்று, ஹை ஸ்ட்ரீட் சவுத் ஒன்று. டவுன் ஹால் பக்கத்தில் பார்க்கிங் (Barking) ரோடு குறுக்கிடும் இடத்தில் இரண்டும் பிரிகின்றன. இரண்டிலும் தனித்தனியாகக் கடை எண் உண்டு. அந்த மூவரும் சொன்னது எந்தப் பக்கம் என்று அவர்களிடமே கேட்டு, மேப்பின் ஓரத்தையும் வெட்டாமல் வெளியிடுங்கள்.

அன்புடன்,
பழைய மேப் படிக்கும் வாசகர்கள் சிலர்,
கிழக்கு லண்டன்